ஒதிலியா அளந்த கத்தாளைகள்

என் நாத்தனார் ஒதிலியாவைப் பற்றி பொசோ சலாதோவில் யாரைக் கேட்டாலும், தவக்காலத்தில் கடலைப் பூட்டியவள் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் காறித் துப்புகிறவர்களும் உண்டு. நான் அவளுடைய அண்ணி நொயெமி. இந்த ஊரில் ஐஸ் கடை வைத்திருப்பவள். கடலைப் பூட்டினால் முதலில் படுப்பது என் வியாபாரம்தான். ஆகவே அவளைத் திட்ட மற்றவர்களைவிட எனக்கு உரிமை அதிகம். இருந்தும் நான் அவள் பக்கம்தான் பேசப் போகிறேன். பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம்.

எங்களுக்கு முன்னால் கடல், பின்னால் பாலைவனம். நடுவில் பிழைப்பு என்று இருப்பது கத்தாளை மீன் ஒன்றுதான். வருஷம் முழுக்க எங்கேயோ திரிந்துவிட்டு, வசந்தத்தில் பெரிய ஓதம் ஏறும் நாட்களில் ஆற்று முகத்துவாரத்துக்கு முட்டையிட வரும். வருவதும் சத்தமில்லாமல் வராது. ஆண் மீன்கள் எல்லாம் சேர்ந்து கத்தும் கத்தலில் படகின் அடித்தளம் அதிரும். ஆட்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காலாலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டு வலை விரிப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் தவக்காலமும் வரும். நாடே இறைச்சியை விட்டுவிட்டு மீன் கேட்கும். மீனுக்குக் கல்யாணம், மனிதனுக்கு விரதம், இரண்டும் ஒரே மாதத்தில். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தை வாசலிலேயே மடக்கிப் பிடிப்பதுதான் எங்கள் தொழில். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று ஒதிலியா சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறாள். அவள் அப்பா கிறிஸ்பீன் சிரித்துவிட்டு, "சோறு இருக்கு" என்றாராம்.

கத்தாளையின் தலைக்குள் இரண்டு வெள்ளைக் கல் இருக்கும். சிறுநீரகக் கல் வலிக்கு நல்லது என்று எங்கள் ஆட்கள் அதைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். ஒதிலியா அதைச் சிமெண்ட் தரையில் தேய்த்துத் தேய்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். மரத்தை வெட்டினால் தெரிவது போல வளையம் வளையமாக இருக்கும். ஒரு வளையம் ஒரு வயது என்று பிறகு பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னபோது, அவளுக்கு அது ஏற்கனவே தெரிந்த விஷயமாக இருந்தது. என்செனாடா நகரத்துக்குப் படிக்கப் போனாள். ஊரிலிருந்து பல்கலைக்கழகம் போய் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண். பிறகு ஆராய்ச்சிக் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே சில வருஷங்கள். மத்தி, இறால், சுறா என்று எதையெதையோ எண்ணினாள். கடைசியில் அவளே கேட்டு வாங்கிக்கொண்டு எங்கள் கரைக்கு மீன்வள ஆய்வாளராக வந்து சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஏன் அண்ணி, வலை பத்தலையா?" என்பாள்.

அவளுக்கு முன்னால் மான்ரிக்கே என்று ஒருவர் இருந்தார். தலைநகரத்து ஆள். வாயில் நல்ல வார்த்தை வராது. அவருக்கு இந்தக் கரையில் ஒருவரும் ஒரு வாய் காப்பி கொடுத்ததில்லை. மீன் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். அவரே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குவியலுக்குள் இறங்கி, கைக்கு வந்ததை அள்ளி அளப்பார். மீன் சின்னதாகிக்கொண்டே வருகிறது, பிடிக்கும் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று எழுதினார். அவருடைய வண்டிக் கண்ணாடி உடைந்தது. எழுதிக் கேட்டுக்கொண்டு மாற்றலாகிப் போய்விட்டார்.

அந்த இடத்துக்கு எங்கள் பெண் வந்தாள். ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. முதல் ஓதத்தில் அவளும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குவியலில்தான் இறங்கினாள். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர் குக்கோ, அப்போதுதான் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவராகியிருந்தார். அவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"கிறிஸ்பீன் மக மீன் சேத்துல நின்னு பொறுக்கணுமா? ஊர் என்ன பேசும்? நீ போய் நொயெமி கடை முன்னாடி உக்காரு. ஆளுக்கு ஒரு கூடை உன் மேசைக்கு வரும்."

"சரிண்ணே. ஆனா பொறுக்காம குடுக்கச் சொல்லு. மேல கெடக்கறத அப்படியே அள்ளிப் போடணும். பெரிசு சின்னதுன்னு பாக்கக் கூடாது."

"சொல்லிட்டேன்னு வெச்சுக்க."

அப்படித்தான் என் ஐஸ் கடை வாசலில் ஒரு மேசையும் ஒரு கிழிந்த குடையும் வந்தன. ஒவ்வொரு ஓதத்துக்கும் படகுகள் கரையேறியதும் கூடை கூடையாக அவள் மேசைக்கு மீன் வரும். நீளம் பார்ப்பாள், எடை போடுவாள், தலையைப் பிளந்து கல்லை எடுத்துக் குப்பியில் போடுவாள். கொண்டுவருகிறவர்கள் வம்பளக்காமல் போக மாட்டார்கள். பாலேமோன் என்று ஒரு கிழவர், வாய் சும்மா இருக்காது.

"டாக்டரம்மா, இந்த மீனுக்கு என்ன வயசு?"

"ஏழு, மாமா."

"எம் பொண்டாட்டி தலைய ஒருநா கொண்டாறேன். கல்யாணத்தப்ப இருபதுன்னு சொன்னா. இன்னும் நம்பிக்கை வரல."

மீன் நன்றாக இருக்கிறது, பெரிய மீன்கள், வயதான மீன்கள், முட்டையிடத் தெம்புள்ள மீன்கள் நிறைய இருக்கின்றன என்று அவள் கணக்கு சொன்னது. மேலிடமும் அதை ஏற்றுக்கொண்டு பிடிக்கும் அளவைக் குறைக்காமல் விட்டது. ஒரு வருஷம் கூட்டியும் கொடுத்தது. குக்கோ சங்கக் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எந் தங்கச்சி கணக்கு" என்பார். மான்ரிக்கே குருடன் என்று ஊர் முடிவு கட்டியது. இப்படியே எட்டு வசந்தங்கள் போயின.

ஒரு விஷயம் மட்டும் அவளை அரித்துக்கொண்டிருந்தது. மீன் கத்தும் சத்தத்தைப் பதிவு செய்யத் தண்ணீருக்குள் ஒரு மைக்கை இறக்கி வைத்திருந்தாள். அந்தச் சத்தம் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வந்தது. மைக் பழசாகிவிட்டது என்றார்கள் அலுவலகத்தில். அவள் சண்டை போட்டுப் புது மைக் வாங்கினாள். புதுசிலும் அதே கதைதான். சாப்பிடும்போது தொர்த்தியா ரொட்டியைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

"மேசையில பாத்தா மீன் நல்லா இருக்கு அண்ணி. தண்ணிக்குள்ள கேட்டா இல்ல. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

"மீனுக்குத் தொண்டை கட்டியிருக்கும். சாப்பிடு" என்றேன். எனக்கு அன்றைக்கு அதற்கு மேல் புத்தி ஓடவில்லை.

ஒன்பதாவது தவக்காலத்தின் முதல் ஓதத்தில், தலைநகரத்துக்குப் போக வேண்டிய லாரி ஒன்று அச்சு முறிந்து சரியாக என் கடை வாசலில் படுத்துக்கொண்டது. மற்ற நாளில் லாரிகள் கரையின் அந்தக் கோடியில் ஏற்றிக்கொண்டு அப்படியே நெடுஞ்சாலைக்குப் போய்விடும். டிரைவர் பதறிப்போய் மீனுக்கு மேலே போட ஐஸ் கேட்டான். நானும் அவனும் பெட்டிகளை இறக்கித் திறந்து ஐஸை வாரிக் கொட்டினோம். ஒதிலியா மேசையிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாள். எழுந்து வந்தாள்.

"இது யார் மீன் அண்ணி?"

"உங்க அண்ணன் மீன்தான். காலையில வந்த லோடு."

"இருக்காது. அண்ணன் காலையில எனக்குக் குடுத்தது ஒவ்வொண்ணும் இவ்ளோ நீளம்" என்று கையை முழங்கை வரை காட்டினாள்.

"அது உனக்குடீ. இது கடைக்கு."

"எனக்குன்னா?"

"உனக்குன்னு எடுத்து வெச்சது. வீட்டுப் பொண்ணு கையில பொடி மீனக் குடுப்பாங்களா? நம்ம ஊர்ல அப்படிக் குடுத்தா குடும்பத்தையே அவமானப்படுத்துன மாதிரி. படகுலயே தனியா ஒதுக்கிருவாங்க, டாக்டரம்மா கூடைன்னு."

அவள் முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அளவுகோலை எடுத்து வந்து அந்தப் பெட்டியிலிருந்த ஒவ்வொரு மீனையும் அளந்தாள். அடுத்த பெட்டி. அதற்கடுத்தது. டிரைவர் கத்தினான், ஐஸ் உருகுகிறது என்று. அவள் காதில் விழவில்லை. கடைசியில் அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள்.

"எட்டு வருஷம் அண்ணி. எட்டு வருஷமா மரியாதைய அளந்திருக்கேன். மீன அளக்கல."

வேண்டாதவன் என்று நாங்கள் விரட்டிய மான்ரிக்கேவுக்கு உண்மையான மீன் கிடைத்திருக்கிறது. பாசமாக வைத்துக்கொண்ட எங்கள் பெண்ணுக்கு ஊரே சேர்ந்து பொய்யான மீனைக் கொடுத்திருக்கிறது. ஒருவரும் பொய் சொல்கிறோம் என்று நினைக்கவில்லை. அல்லது அப்படித்தான் அன்றைக்கு நான் நம்பினேன்.

அடுத்த ஓதம் வரை அவள் வீடு வீடாக, படகு படகாகப் போய்க் குவியலில் இறங்கி அளந்தாள். ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. எங்களைச் சந்தேகப்படுகிறாயா என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்ததில் வயதான மீன் அநேகமாக இல்லை. முதல் முறையாக முட்டையிட வரும் இளசுகளைத்தான் நாங்கள் வாரிக்கொண்டிருந்தோம். இன்னும் இரண்டு மூன்று தவக்காலம் இதே வேகத்தில் போனால் ஆற்று முகத்தில் சத்தமே இருக்காது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அண்ணனிடம் சொன்னாள். மேலிடத்துக்கு என் கணக்கைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லப் போகிறேன், இந்தப் பருவத்தையே நிறுத்தச் சொல்லப் போகிறேன் என்றாள். குக்கோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"சொல்லாதேன்னு சொல்லல. இந்தத் தவக்காலம் போகட்டும். அடுத்த வருஷம் நீயே எறங்கி அள. கணக்கு தானா கீழ வரும். யாருக்கும் தெரியாது. உன் பேரும் கெடாது."

"மீன் முட்டை போடறது இந்தத் தவக்காலத்துலண்ணே. அடுத்த வருஷம் எதை அளக்கறது?"

"ஒரே ஒரு பருவம்தானே கேக்கறேன். இத்தனை குடும்பம் இருக்கு. உன் அண்ணி கடை இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அவர் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது, அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. தட்டில் பீன்ஸ் ஆறிப்போனது.

"இங்க எனக்கு இருக்கறது இந்த வீடும் இந்த ஊரும்தான்" என்றாள் அவள். "சொன்னா ரெண்டும் போயிரும்னு தெரியும். எனக்கு ஒண்ணும் ஆசையா இல்ல."

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். நிற்க இடமில்லை. பெண்கள் வெளியே சன்னல் பக்கம் நின்றோம். அவள் சுற்றி வளைக்கவில்லை. என் எட்டு வருஷக் கணக்கு தப்பு, மீன் தீர்ந்துகொண்டிருக்கிறது, பருவத்தை நிறுத்தச் சொல்லி நேற்றே மேலிடத்துக்குச் சொல்லிவிட்டேன் என்றாள். முதலில் யாருக்கும் புரியவில்லை. பாலேமோன்தான் எழுந்தார். இந்த முறை வம்பு இல்லை அவர் குரலில்.

"ஏம்மா, போன வருஷம் வரைக்கும் மீன் இருக்குன்ன. இப்ப இல்லங்கற. மீன் பொய் சொல்லுச்சா?"

"மீன் பொய் சொல்லல மாமா. நான் தப்பா அளந்தேன்."

"நாங்க குடுத்த மீனத்தானே அளந்த? நாங்க குடுத்ததுல என்ன தப்பு?"

ஒரு வார்த்தைதான். பொறுக்கிக் கொடுத்தீர்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் மேலிடத்து ஆள் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாதிரி மீனைப் பொறுக்கிக் கொடுப்பது மோசடி. சங்கத்தின் உரிமமே போய்விடும், ஒரு பருவத்துக்கு இல்லை, நிரந்தரமாக. அது அவளுக்கும் தெரியும், குக்கோவுக்கும் தெரியும். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எடுத்த விதம் தப்பு" என்றாள். "கூடைய நம்பி மேசையில உக்காந்தது நான். வேற யாரும் இல்ல."

அதற்குப் பிறகு விழுந்த வசவுகளை எழுதப் போவதில்லை. எங்கள் உப்பைத் தின்றுவிட்டு, எங்கள் காப்பியைக் குடித்துவிட்டு என்று ஆரம்பித்தார்கள். குடிபோதையில் அளந்தாள் என்றான் ஒருவன். சன்னல் வழியாகவே உள்ளே குதித்து, டாக்டரம்மா கூடை என்று பெயர் வைத்தவன் எவன்டா என்று கேட்க வேண்டும் போல எனக்கு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் குக்கோ எழுந்து சன்னலுக்கு வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வலித்தது. அவர் என்னைத் தடுத்ததில் தவறில்லை, உரிமம் போனால் நாங்களும் போனோம். ஆனால் அந்தப் பிடியில் ஒரு பயம் இருந்தது. அது உரிமத்துக்கான பயம் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது ஓதத்தோடு கடல் பூட்டப்பட்டது. புனித வாரத்தில் தலைநகரம் எங்கிருந்தோ வந்த உறைந்த மீனைத் தின்றது. மீன் வயிற்றுக் காற்றுப்பையான நெட்டியை வாங்க வரும் வியாபாரிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் ஐஸ் மெஷினுக்குத் துணியைப் போட்டு மூடினேன். இளவட்டங்கள் அஸ்பராகஸ் காய்கறித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். ஒதிலியாவின் வண்டியில் நாலு டயரும் கிழிந்தன. ரொட்டிக் கடையில் அவளுக்கு மட்டும் ரொட்டி தீர்ந்துபோகும். அவளுக்கும் சேர்த்து நான் வாங்குவேன், எனக்கும் முறைப்பு கிடைக்கும். பதிலுக்கு நானும் முறைப்பேன், அதில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை.

அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். எட்டு வருஷம் எப்படித் தப்பு நடந்தது, மீனைக் கொடுத்தவர்கள் ஏமாற்றினார்களா என்று நேராகவே கேட்டார்களாம். ஆமாம் என்றால் அவள் பதவி தப்பும். இல்லை, முறை தவறியது நான்தான் என்று அங்கேயும் அதையே சொன்னாள். அவளைக் கடலிலிருந்து எடுத்து, மலைப்பக்கம் ஒரு அணையில் திலாப்பியா மீன்குஞ்சு விடும் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கடல் மீனின் வயதைப் பார்த்தவளுக்கு, தொட்டியில் தவிடு போடும் வேலை. அலுவலகத்தில் அதைத் தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் நினைத்தால் பற்றி எரிகிறது.

அவள் கிளம்பிய காலையில் வழியனுப்ப ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. நான் காப்பி போட்டுத் தெர்மாஸில் ஊற்றிக் கொடுத்தேன். குக்கோ பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார். அவள் போகிறாள் என்ற துக்கத்தில் அவர் கண் சிவந்திருந்தது, அது நடிப்பு இல்லை. அண்ணனும் தங்கையும் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சாப்பாடு, சாவி, கதவு என்பதைத் தவிர ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்ததும் அவள் கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். கோவிக்கக் கூடாது."

"கேளு."

"படகுல பாதி வாழ்க்கை இருந்தவன் நீ. மீன் சின்னதாகறது உன் கைக்குத் தெரியாம இருந்திருக்காது. எனக்குப் பெரிசாப் பாத்து எடுத்து வெச்சியே, அது மரியாதைக்கா? இல்ல, அளவைக் குறைச்சிருவேன்னா?"

நான் அவசரமாக, "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றேன். இருவருமே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குக்கோ போட்ட முடிச்சையே மறுபடி இழுத்துப் பார்த்தார். எட்டு வசந்தமும் அவர் முகத்தில் வந்து போனதாகத்தான் எனக்குத் தோன்றியது. பொய் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"மொத வருஷம்," என்றார், "மரியாதைக்கு."